அதிமானுட வீரனும் அரைப் பேரும்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து தந்தான். பன்விலைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் வத்தேகமவுக்குப் பஸ் ஏறி வரும் பிள்ளை அவன். கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் பென்சிலால் வரைந்து, தானே வசனமும் எழுதி, ஒரு சித்திரக்கதையை ஆக்கியிருந்தான். ‘சூப்பர் ஹீரோ’ என்று மாணவர் வழங்கும் அதிமானுட வீரன் ஒருவனே அதன் நாயகன். முகமூடி, மேலங்கி, மார்பில் ஒரு சின்னம், கண்களிலிருந்து பாயும் கதிர் ஆகிய இலட்சணங்களில் ஒன்றேனும் குறையவில்லை. வானளாவிய கட்டடங்கள் நிறைந்த நகரொன்றில், வங்கியைக் கொள்ளையிட வந்தவர்களை அவன் அடித்து நொறுக்குகிறான். கோடுகளில் உண்மையான கைத்திறன் தெரிந்தது. ஆயினும் அந்த நகரத்தில் அப்பிள்ளை ஒருநாளும் கால் வைத்ததில்லை. கொள்ளை போவதற்கு அவன் வீட்டாரின் பணம் எந்த வங்கியிலும் இருந்ததில்லை.

“இந்தக் கதையை உன் தோட்டத்தில் நடப்பதாக ஏன் வரையவில்லை?” என்று கேட்டேன். நான் கேலி செய்கிறேனோ என்று ஐயுற்றவன்போல ஒருகணம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, “எங்க தோட்டத்துல காப்பாத்துறதுக்கு என்னா சேர் இருக்கு?” என்றான். 

அவ்வினாவுக்கு அன்று நான் விடை கூறவில்லை. கூறும் தகுதி எனக்கு இருந்ததா என்பதே ஐயம். பேராதனையில் தமிழ் பயின்ற காலத்தில் நானும் ஒரு நாடகம் எழுதினேன். அதன் நாயகன் ஒரு சேர மன்னன். அதை எழுதிய அதே மாசி மாதத்தில், என் தந்தையார் எங்கள் லயத்துக்குக் கீழேயுள்ள மைதானத்தில் காமன் கூத்துக்குத் தப்படித்துக்கொண்டிருந்தார். விடுதி நண்பர்களிடம் அதை நான் வாய்திறந்து சொன்னதில்லை. தப்பின் ஓசையை மறைத்து முரசின் ஓசையை எழுதியவன், வங்கிக் கொள்ளையை வரைந்த பிள்ளையைக் குறைகூற முடியாது. அவனுக்கும் எனக்கும் வந்த நோய் ஒன்றே. வீரம் எங்கோ வேறிடத்தில் நிகழ்வது, நம் மலையில் நிகழ்வது வெறும் பிழைப்பு என்ற நம்பிக்கையே அந்நோய்.

புதிய வீரன் ஒருவனைப் படைக்க விரும்பும் இளம் படைப்பாளி தன் கற்பனைக்கான ஊற்றை எங்கே தேட வேண்டும்? சிறுவர் பொழுதுபோக்கென்று இவ்வினாவைத் தள்ளிவிடுதல் தவறு. இன்றைய மாணவர் உள்ளத்தில் இராமனும் கர்ணனும் பெற்றிருந்த இடத்தை இந்த முகமூடி வீரர்களே பெருமளவு கைப்பற்றியுள்ளனர். ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் எவரை வீரரென்று கருதுகிறார்களோ, அதைக்கொண்டே அவர்கள் தம்மை யாரென்று கருதுகிறார்கள் என்பதும் புலப்படும்.

முதலில் இவ்வகை வீரர்களின் மூதாதையைப் பார்ப்போம். சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டு ஜூன் திகதியிட்ட ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ முதல் இதழில் தோன்றினான். அவனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1914இல் பிறந்தவர்கள். யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். கிளீவ்லாந்து நகரத்துப் பாடசாலைத் தோழர்கள். பெரும் பொருளாதார மந்தத்தின் காலத்தில், வேலையில்லாத் திண்டாட்டத்தின் நடுவே வளர்ந்த இளைஞர்கள். எனவே அவர்களுடைய வீரன் முதலிதழிலேயே மனைவியை அடிக்கும் கணவனையும் ஊழல் செய்யும் அரசியல்வாதியையும் எதிர்த்து நின்றதில் வியப்பில்லை. மூன்றாம் இதழ் இன்னும் கவனிக்கத்தக்கது. பாதுகாப்பற்ற சுரங்கமொன்று இடிந்து தொழிலாளி ஒருவர் சிக்குகிறார். முதலாளியோ பொறுப்பேற்க மறுக்கிறார். சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளியாக வேடமிட்டு, முதலாளியையும் அவரது விருந்தாளிகளையும் சுரங்கத்துக்குள்ளேயே அடைபடச் செய்கிறான். மூச்சுத் திணறும்போதுதான் தொழிலாளியின் உயிர் என்னவென்று முதலாளிக்கு விளங்குகிறது.

மாணவர் இதை அறிந்திருக்கமாட்டார்கள். அவர்களுக்குக் கிட்டியது பின்னாளில் பழக்கப்படுத்தப்பட்ட சூப்பர்மேன். சில ஆண்டுகளுக்குள் சுரங்க முதலாளி கதையிலிருந்து மறைந்தார். வங்கிக் கொள்ளையரும் வேற்றுக்கிரக வில்லன்களும் அவரிடத்தைப் பிடித்தனர். 1962இல் உம்பர்த்தோ எக்கோ எழுதிய கட்டுரையொன்று இந்த மாற்றத்தின் பொருளைக் கூர்மையாக எடுத்துரைத்தது. மலைகளைப் பெயர்க்கவும் உலகின் பசியைப் போக்கவும் வல்ல ஒருவன், ஒரு சிறு நகரத்தில் திருடர் பிடிப்பதோடு நின்றுவிடுகிறான். அவனுடைய உலகில் தீமை என்பது தனியார் சொத்தின்மீது நிகழும் தாக்குதலாகவும், நன்மை என்பது தருமம் வழங்குதலாகவும் சுருங்கிவிடுகின்றன என்பதே அவர் வாதத்தின் சாரம். என் மாணவன் வரைந்த வங்கி எங்கிருந்து வந்தது என்பது இப்பொழுது தெளிவாகிறதல்லவா?

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. சீகலும் ஷூஸ்டரும் தம் வீரனின் முழு உரிமையையும் 130 டொலருக்கு விற்றுவிட்டனர். அவன் பெயரால் கோடிக்கணக்கில் பணம் திரண்டபோது, படைத்தவர்கள் வறுமையில் உழன்றனர். நெடிய போராட்டத்தின் பின், 1975இல்தான் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் உதவித்தொகை வழங்க நிறுவனம் இணங்கியது. உலகத்தையே காக்கும் வீரனால் தன்னைப் படைத்த இரு தொழிலாளரைக் காக்க முடியவில்லை. தொழிலாளிக்காகச் சுரங்கத்துள் இறங்கிய வீரன் ஒரு நிறுவனத்தின் சொத்தானதும் சொத்தின் காவலனாகவே மாறியதைத் தற்செயலெனக் கொள்ளலாகாது.

ஆகவே முதற்பாடம் இது. சூப்பர்மேனின் ஊற்று அவனுடைய பறக்கும் ஆற்றலில் இருக்கவில்லை. ஒரு காலத்தின் ஒரு குறிப்பிட்ட காயத்திலேயே இருந்தது. எந்த அநீதிக்கு எதிராக ஒருவன் எழுகிறானோ, அந்த அநீதியின் அச்சிலேதான் அவன் உருவம் வார்க்கப்படுகிறது. மேலங்கியை மட்டும் எடுத்துக்கொள்பவன் பிறருடைய காயத்துக்குக் கட்டிய துணியைத் தன் உடம்பில் சுற்றிக்கொள்கிறான்.

நிற்க. தமிழ்ச் சிறுவர் உலகுக்கு இரவல் வீரர்களை அறிமுகம் செய்ததில் சிவகாசிக்குப் பெரும் பங்குண்டு. 1972இல் முத்து கொமிக்ஸ் தன் முதல் வெளியீடாக ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்தது. 1962 முதல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் வெளிவந்த கதை அது. ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவனுக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மாத்திரம் அந்தரத்தில் தெரியும். லயத்துத் திண்ணையில் குப்பி விளக்கின் ஒளியில், அட்டை கிழிந்த பிரதியொன்றை நானும் படித்து மெய்சிலிர்த்திருக்கிறேன். அவ்வின்பத்தை மறுப்பது நன்றிகேடு.

ஆனால், உடல் தெரியாமல் கை மட்டும் தெரியும் மனிதனைக் காண நாங்கள் இலண்டனுக்கா போயிருக்க வேண்டும்? உலகெங்கும் மேசைகளில் ஆவி பறக்கும் தேநீருக்குப் பின்னால் தெரிவது கொழுந்து கிள்ளும் கை ஒன்றே. அக்கைக்குரிய பெண்ணின் முகமும் வீடும் வரலாறும் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இப்படியொரு மாயாவி எம் மலைகளில் ஒன்றரை நூற்றாண்டாக நடமாடுகிறாள். அவளை எவரும் வரையவில்லை.

வியப்பு இதனோடு முடியவில்லை. என் தந்தையார் தப்படித்த காமன் கூத்தின் நாயகன் யார்? சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்து, உடலிழந்து, உருவிலியாக உயிர்பெற்ற மன்மதன். மாசியில் பிறை கண்டு கம்பம் நட்டுத் தொடங்கும் அக்கூத்தில், தோட்டத் தொழிலாளரே ரதியாகவும் மதனாகவும் வேடம் பூணுவர். வல்லமை மிக்கவனின் தவத்தைக் கலைக்க, மேலிடத்தார் ஏவலால் அனுப்பப்படுகிறான் மதன். ஏவியவர்கள் தப்பித்துக்கொள்ள, போனவன் எரிந்து சாம்பலாகிறான். ரதி புலம்பும்போது சூழ நிற்கும் பெண்கள் உண்மையிலேயே அழுவார்கள். அவர்கள் புராணத்துக்காக மட்டும் அழுகிறார்கள் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை. ஏவலுக்குச் சென்று திரும்பாதவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தார்கள். மதனுக்கு வேடமிட்டவர் மறுநாட் காலை மற்றவர்களோடு பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுப்பார். தெய்வமும் தொழிலாளியும் ஒரே உடம்பில் வாழும் இரட்டை வாழ்வை அமெரிக்கச் சித்திரக்கதைகளுக்கு முன்னரே இந்தப் பாமரர் அரங்கேற்றிவிட்டனர்.

நம் கதைப்பாடல்களின் வீரர்களும் இவ்வகையில் ஆராயத்தக்கவர்கள். இத்துறையில் பேராசிரியர் நா. வானமாமலையின் உழைப்பு முற்போக்காளர் அனைவரும் நன்றியுடன் நினைக்க வேண்டியது. அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்வோம். அந்தணனாகப் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விரும்புகிறான். பெண்களின் தந்தை நிபந்தனை விதிக்கிறார். அதற்கிணங்கிப் பூணூலையும் குடுமியையும் துறந்து செருப்புத் தைக்கக் கற்கிறான். பின்னர் ஆநிரை கவர வந்தோரை எதிர்த்துப் போரிட்டு மடிகிறான். பொதிகை மலையடிவாரத்துச் சொரிமுத்தையனார் கோயிலில் இன்றும் அவனுக்குச் செருப்பையே காணிக்கை செலுத்துகிறார்கள். மார்பில் மின்னும் சின்னங்களைத் தேடியலையும் இளம் ஓவியர் சற்று எண்ணிப் பார்க்கட்டும். ஒரு சோடித் தோற்செருப்பைவிட வலிமையான வீரச் சின்னத்தை எந்த நாட்டுச் சித்திரக்கதை தந்திருக்கிறது?

சூப்பர்மேனுக்கு நேர்ந்தது முத்துப்பட்டனுக்கும் நேர்ந்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து, காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்ற ஒட்டுக்கதை பாடலுக்குள் நுழைந்தது. சாதியைக் கடந்தவனை மீண்டும் சாதிக்குள் அடைக்கும் இத்தகைய பிற்சேர்க்கைகளை வானமாமலை இனங்காட்டினார். அங்கே பதிப்பு நிறுவனம் செய்ததை இங்கே மேற்சாதியாதிக்கம் செய்தது. மக்கள் படைத்த வீரனைப் பழக்கப்படுத்த முற்படாத ஆதிக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

இதனால், மக்கள் வாய்மொழியில் வந்தவை யாவும் மக்கள் சார்பானவை என்ற மயக்கத்துக்கும் நாம் ஆளாகக்கூடாது. தோட்டங்களில் விருப்போடு ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்தின் மூலமாகிய அண்ணன்மார் கதையை, கனடிய மானிடவியலாளர் பிரண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டில் ஒலிப்பதிவு செய்தார். பின்னாளில் அவரே அதை 26 பகுதிகள் கொண்ட அசையோவியத் தொடராக ஆக்கினார். பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் அக்கதை நிலவுடைமையாளரான வேளாளச் சகோதரரின் பக்கம் நின்று, காட்டையே வாழ்வாகக் கொண்ட வேட்டுவரைப் பகைவராகக் காட்டுகிறது. நிலமற்ற எம் தொழிலாளி அக்கூத்தில் நிலக்கிழாரின் வேடத்தைப் புனைந்து ஆடுகிறார். இன்று அதைப் புதுக்க முனையும் படைப்பாளி, வேட்டுவர் பக்கத்திலிருந்தும் ஒருமுறை கதையைக் கேட்டாக வேண்டும். மரபை எடுத்தாள்வதென்றால் அதனோடு வழக்காடவும் வேண்டும்.

அவ்வாறு வழக்காடிய முயற்சிக்குச் சான்று கண்டி மாநகரின் வாயிலிலேயே உள்ளது. 1956இல் சரச்சந்திரரின் ‘மனமே’ சிங்கள நாடக உலகை உலுக்கியது. அவ்வெழுச்சியின் சூழலில், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக்கொண்டு ஈழத்துக் கூத்துமரபைப் புத்துயிர் பெறச் செய்தார். சி. மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’ அவற்றுள் தலையாயது. இராமாயணத்தின் அரக்கன் அங்கே தன் வீழ்ச்சியைத் தானே உணர்ந்தும் பணிய மறுக்கும் அவலநாயகனானான். பழைய பாத்திரத்தில் புதிய மனிதனை வார்க்க முடியும் என்பதற்கு அது நிலையான சான்று. எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடமுடியாது. அன்று அரங்கேறியவை மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடி மரபுகள். பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த மலைகளில் ஒலித்த தப்பு அந்த அரங்கில் ஒலிக்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே வளாகத்தில் பயின்ற நானும் அதை ஒலிக்கச் செய்யவில்லை என்பதால், இக்குறையில் எனக்கும் பங்குண்டு.

அண்மைக் காலத்தில் இத்துறையில் நம் அயலவரான மலையாளிகள் துணிந்து அடியெடுத்து வைத்துள்ளனர். 2021இல் வெளியான பேசில் ஜோசப்பின் ‘மின்னல் முரளி’ ஒரு சிற்றூர்த் தையற்காரனை வீரனாக்கியது. வீரனின் உடை எங்கிருந்து வருகிறது என்ற சங்கடமான கேள்விக்கு அவன் தொழிலே விடையாகிவிடுகிறது. அதனினும் சிறந்தது அதன் எதிர்நாயகன். தேநீர்க்கடைத் தொழிலாளியான ஷிபுவின்மீதும் அதே மின்னல்தான் பாய்கிறது. அதே ஆற்றல்தான் கிட்டுகிறது. ஊரார் சிறிதளவு அன்பு காட்டியிருந்தால் அவனே வீரனாகியிருப்பான். வீரனும் கொடியவனும் பிறப்பால் அமைவதில்லை, சமுதாயம் அவர்களை ஆக்குகிறது என்ற உண்மையை இத்துணை எளிமையாகச் சொன்ன பொழுதுபோக்குப் படம் அரிது.

2025இல் டொமினிக் அருண் இயக்கிய ‘லோகா’ முதற்பாகம், கள்ளியங்காட்டு நீலி என்னும் யட்சியைப் புதிய வீராங்கனையாக்கியது. ஊரார் அஞ்சிய பேயை, அரச கொடுமைக்கு ஆளான பழங்குடிச் சிறுமியாக அது காட்டுகிறது. கதை நகரத்துக்கு வந்தபின், அடுத்தடுத்த பாகங்களுக்கு வாயில் திறந்து வைப்பதிலேயே கருத்தூன்றிவிடுகிறது என்பது என் குறை. எனினும் அப்படம் எனக்கொரு வெட்கத்தைத் தந்தது. நீலி நமக்கும் உரியவள். பழையனூர் நீலியின் கதை என்ன? கணவனால் கொலையுண்ட பெண் பேயாகி வந்து பழிதீர்த்த கதை. ஆனால் தமிழ் அவளை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது? பொய்யழுகைக்கு ‘நீலிக் கண்ணீர்’ என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. கொல்லப்பட்டவளின் கண்ணீரைப் பொய்யென்று அகராதியில் ஏற்றிவிட்டோம். கொன்றவனின் பெயரால் ஒரு மரபுத்தொடரேனும் இல்லை. புதிய வீராங்கனையைத் தேடுவோர்க்கு நம் மொழியே இத்தகைய புதையல்களை மறைத்து வைத்திருக்கிறது. ஒரு பழிச்சொல்லைக் கண்டால் அதன் அடியில் ஒரு வழக்கு புதைந்திருக்கும் என்று தோண்டிப் பார்க்க வேண்டும்.

இனி எம் மலைக்குத் திரும்புவோம். அதிமானுட வீரர்க்கு இன்றியமையாதது மாறுவேடம். அமெரிக்கக் கதைகளில் அது பெரும்பாலும் ஒரு விளையாட்டு. எமது வரலாற்றிலோ அது பிழைத்திருப்பதற்கான வழி. வெளியார் தோட்டத்துள் நுழைவது குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரில் காணப் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே புகுந்தார். தோளில் துணிமூட்டை, துரையின் கண்ணுக்கு வெறும் வியாபாரி. பின்னர் அவரே ‘தேசபக்தன்’ பத்திரிகையின் ஆசிரியர், தொழிற்சங்கத்தை நிறுவியவர். அவர் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கி மக்கள் முன் பாடினார். முகமூடியும் மேலங்கியும் தேடுவோர் இந்தத் துணிமூட்டையை ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கலாகாதா?

வத்தேகமவிலிருந்து பன்விலை வழியாக மேலேறினால் மடுல்கலை. அங்குள்ள ரெலுகஸ் தோட்டத்துக்கு 1936இல் துரைத்தொழில் பயில வந்தவர் பிறேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞர். துரைமார் தொழிலாளரை நடத்தும் விதத்தைப் பொறுக்காமல் தொழிலாளர் பக்கம் சேர்ந்தார், வேலையிழந்தார், சமசமாஜிகளோடு மேடையேறினார். 1937 ஏப்ரலில் தேசாதிபதி அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். அவரோ தலைமறைவாகி, தேடிய பொலிசாரின் கண்முன்னே மே 5ஆந் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் தோன்றினார். உயர்நீதிமன்றம் நாடுகடத்தற் கட்டளையைச் செல்லாததாக்கியது. மறைதலும் தோன்றுதலும் வெல்லுதலும் நிறைந்த இந்நிகழ்ச்சி ஒரு சித்திரக்கதைக்கு வேண்டிய யாவற்றையும் தன்னுள் கொண்டுள்ளது. எமது பாடசாலையிலிருந்து சில மைல் தொலைவில் தொடங்கிய இக்கதை எம் மாணவருள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பிறேஸ்கேர்டிலை மட்டும் வரைந்தால், வெள்ளைக்காரன் வந்து காப்பாற்றினான் என்ற கதையாகவே அது முடியும். அவருக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? காலிமுகத்திடலில் திரண்ட மக்களிடமிருந்து. அவர்களை நீக்கிவிட்டால் அவர் வேலையிழந்த ஓர் இளைஞர், அவ்வளவே. முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில், ஊதிய உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். அவருக்குப் பறக்கத் தெரியாது. குண்டு அவர் மார்பில் பட்டுத் தெறித்து விழவில்லை. எனினும் எம் தொழிலாளர் இயக்கத்தின் நினைவில் அவர் இன்றும் நிலைத்திருக்கிறார். மரணமில்லாதவனிடம் வீரம் எப்படி இருக்க முடியும்? இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன் எதைப் பணயம் வைக்கிறான்? நம் நாட்டார் வீரர்கள் கழுவேறினார்கள், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டார்கள், தீயில் எரிந்தார்கள். அதன் பின்னரே மக்கள் அவர்களைத் தெய்வமாக உயர்த்தினார்கள். அங்கே ஆற்றல் பிறப்போடு வருவது. இங்கே மக்கள் அளிப்பது. இவ்வேறுபாடே நம் மரபு உலகச் சித்திரக்கதைக்கு வழங்கக்கூடிய தனிக்கொடை என்பது என் துணிபு.

தனியொரு மீட்பனுக்காகக் காத்திருக்கும் பழக்கம் எம் மலைமக்களுக்கு விளைத்த கேடு கொஞ்சநஞ்சமன்று. படத்துக்கு மாலையிட்டுக் காத்திருந்தோம். கட்சிக்கொடியை மாற்றி மாற்றிக் காத்திருந்தோம். ஆகையால், மக்கள் கைகட்டி வேடிக்கை பார்க்க ஒருவனே யாவும் செய்து முடிக்கும் கதையை இன்னுமொருமுறை எழுதுவது, முகமூடி அணிந்த கங்காணி ஒருவரை எழுதுவதற்கு ஒப்பாகும்.

வீரர்களுக்கு இரட்டைப் பேர் உண்டு. பகலில் ஒன்று, போரில் ஒன்று. எம் தாய்மாருக்கோ தோட்டக் கணக்கில் ஒருநாள் வேலைக்கே ‘பேர்’ என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அன்று அவருக்கு அரைப் பேர்தான். இரட்டைப் பேர் கொண்டவனின் கதையைப் படிக்கும் பிள்ளையின் தாய் அரைப் பேரோடு மலையிலிருந்து இறங்கி வருகிறாள். வேற்றுக்கிரகத்திலிருந்து விழுந்த சூப்பர்மேனிடம் குடியுரிமைப் பத்திரத்தை எவரும் கேட்கவில்லை. காட்டை வெட்டி இம்மலைகளை ஆக்கியவர்களின் பிள்ளைகளை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு முழுமையான தீர்வு சட்டமாக வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரைப் பேரை முழுப் பேராக்குவதும், பெயரற்றவருக்குப் பெயர் வழங்குவதும் ஒரு வீராங்கனைக்குப் போதுமான அருஞ்செயல் ஆகாதா?

சீகலும் ஷூஸ்டரும் பிறந்த அதே 1914இல்தான் சி. வி. வேலுப்பிள்ளையும் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தார். அவ்விருவர் கிளீவ்லாந்தில் வேற்றுக்கிரகத்து வீரனைக் கற்பனை செய்தனர். இவர் தோட்டத்து வாழ்வைப் பாடியதோடு, எம் மக்களின் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அப்பாடல்களில் ஆற்றாமையும் உண்டு, எள்ளலும் உண்டு, கங்காணிக்கும் துரைக்கும் எதிரான கோபமும் உண்டு. படைப்பாளிக்கு வேண்டிய மூலப்பொருள் அச்சில் ஏறியே கிடக்கிறது. எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

எனவே, புதிய வீரனைப் படைக்க முனையும் இளைஞரிடம் நான் மூன்று வினாக்களை முன்வைப்பேன். உன் வீரனின் ஆற்றல் எவரிடமிருந்து வந்தது? அவன் தன் முகத்தை எவருக்கு அஞ்சி மறைக்கிறான்? கதை முடியும்போது அவனைச் சூழ்ந்திருந்த மக்கள் தொடக்கத்தில் இருந்ததைவிட ஓரங்குலமேனும் நிமிர்ந்து நிற்கிறார்களா? இவற்றுக்கு விடை கிடைத்தபின் அவன் பறக்கட்டும், மறையட்டும், மின்னலைக் கையில் பிடிக்கட்டும். கற்பனைக்கு வேலியிடுவது நம் நோக்கமன்று. பறப்பவனுக்கும் காலூன்றி எழுவதற்கு ஒரு நிலம் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

விடுமுறைக்கு முன், இவற்றுட் சிலவற்றை அந்த மாணவனிடம் கூறினேன். தவணை தொடங்கிய மறுநாள் அவன் மீண்டும் கொப்பியோடு வந்தான். இம்முறை ஒரேயொரு பக்கம் மட்டும் வரையப்பட்டிருந்தது. மழை, மலைச்சரிவு, தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கும் கூடைகளோடு நிரையாக நிற்கும் பெண்கள், நடுவிலே கொழுந்து நிறுக்கும் தராசு. அந்தத் தராசை மட்டும் முன்னைய கதையின் கொள்ளைக்காரரைவிடப் பன்மடங்கு பெரிதாக, பெண்களின்மேல் நிழல் விழும்படி வரைந்திருந்தான். கழிவென்று நாள்தோறும் குறைக்கப்படும் கிலோக்களைப் பற்றி அவன் தாயார் வீட்டில் பேசக் கேட்டிருக்கிறான் போலும்.

“வீரன் எங்கே?” என்று கேட்டேன்.

“இவங்கள்ல யாருன்னு இன்னும் முடிவு பண்ணல சேர்,” என்றான்.

அவன் அதை முடிவுசெய்ய நாளாகலாம்; செய்யாமலே போகவும் கூடும். பரீட்சை அண்மிக்கிறது, வீட்டில் வறுமை நெருக்குகிறது, கொழும்புக் கடையொன்றில் வேலை காத்திருக்கிறது. இத்தகைய எத்தனையோ கொப்பிகள் இடைநடுவில் நின்றுபோனதை ஆசிரியராகிய நாம் அறிவோம். கணக்குக் கொப்பியில் படம் கீறியதற்காகப் பிள்ளையைத் தண்டித்தவர்களும் நம்மிடையே உள்ளனர், நானும் தண்டித்திருக்கிறேன். இனி, அந்தப் பின்பக்கங்களைக் கிழித்தெறியுமுன் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். எம் மலையின் முதல் வீராங்கனை அங்கே முழுப் பேரோடு நின்றுகொண்டிருக்கலாம்.